சாப்பாடு முடியட்டும்

செய்தி வந்தபோது பெஞ்சமின் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்கிற ஊர், அதில் ஒரு சின்ன ஓட்டலின் மூன்றாவது மாடி. அங்கே காலை எட்டரை மணி என்றால் உத்திரமேரூரில் பகல் பன்னிரண்டு. போனில் கல்பனா. அவருடைய தொண்டு நிறுவனத்தில் ஆறு வருஷமாகக் களப்பணி பார்க்கிறவள், எதற்கும் லேசில் கலங்காதவள். அவளே நாலு வார்த்தை பேசுவதற்குள் மூன்று தடவை நிறுத்தினாள்.

"சக்திவேல் அண்ணன் போயிட்டாரு சார்."

சக்திவேல் இளவரசியின் கணவன். இளவரசி பக்கத்து அறையில் இருந்தாள். அவளைக் கொத்தடிமை ஒழிப்பு மாநாடு ஒன்றில் பேசவைக்கத்தான் பெஞ்சமின் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

காலையில் புள்ளலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் வேர் பிடுங்கும் வேலைக்குப் போயிருக்கிறான் சக்திவேல். ஒன்பது மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது மாகறலில், இருளர் குடியிருப்பில், அவர்கள் வீட்டு வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். மகள் அபிநயாவைக் காலேஜ் ஆஸ்டலிலிருந்து கூட்டிவர ஆள் போயிருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கல்பனா ஒன்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடட்டுமா சார்? உத்திரமேரூர்லயே கெடைக்குது. அக்கா வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

பெஞ்சமின் வாயிலிருந்த பேஸ்டைத் துப்பிவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். திரும்பும் டிக்கெட் மூன்றாம் நாளுக்குத்தான் இருந்தது. இளவரசி மேடையேற இன்னும் இரண்டரை மணி நேரம். இந்தப் பேச்சுக்காக நாலு மாசமாக அலைந்திருந்தார் அவர். பாஸ்போர்ட்டுக்கு அவள் பிறந்த தேதியை நிரூபிக்கவே ஆறு தடவை தாலுக்கா ஆபீஸ் ஏறியாகிவிட்டது. பதினோரு நாட்டு ஆட்கள் கீழே மண்டபத்தில் கூடிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் அவள் பேச மாட்டாள். பேசாமல், அழுதுகொண்டு, பாஷை தெரியாத ஊரில் ஒரு ஓட்டல் அறையில் கிடப்பாள். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தார். அந்தக் குடிசையில் கரண்டு எத்தனை மணி நேரம் இருக்கும், ஐஸ் பெட்டி எத்தனை நேரம் தாங்கும் என்றும் நினைத்தார். நினைக்க நினைக்க, தான் நினைப்பது சரி என்றே பட்டது அவருக்கு.

"வேணாம் கல்பனா. காத்திருக்க வேணாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடச் சொல்லு."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்? அக்கா இன்னா சொன்னாங்க?"

பெஞ்சமின் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன். அவங்கதான் எடுத்துடச் சொன்னாங்க."

வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க அவர் முயலவும் இல்லை.

பெஞ்சமின் கெட்டவர் இல்லை. இதை உத்திரமேரூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாக அடைபட்டுக் கிடந்த பதினாலு குடும்பங்களை அதிகாரிகளோடு போய் வெளியே கூட்டிவந்தவர் அவர்தான். அதில் ஒரு குடும்பம் சக்திவேலும் இளவரசியும். அன்றைக்கு அவளுக்கு இருபது வயசு இருக்கும். யாராவது பேர் கேட்டால் கணவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளைப் பேசவைத்து, கையெழுத்துப் போடவைத்து, மீட்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்துக்குத் தலைவியாக்கியது வரை எல்லாவற்றிலும் பெஞ்சமின் கூட இருந்தார். தாலுக்கா ஆபீஸில் ஒரு பியூன் அவளை 'நீ, வா, போ' என்று பேசியபோது, அவன் 'நீங்க' என்று சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றவர். அவரும் அவளை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. ஆபீஸருக்கு மனு எழுதுவதானாலும் வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பதானாலும் அவள் சொல்வதை அவர்தான் சொல்வார். அதிலேயே பழகிப்போயிருந்தார்.

ஒன்பதரை மணிக்கு இளவரசி கதவைத் தட்டினாள். சங்கத்து அரக்குப் புடவை கட்டி, தலையை வழித்துச் சீவியிருந்தாள். கையில் போன். அந்த ஊரில் வைஃபை இருந்தால்தான் அது பேசும். முந்தின நாள் ஓட்டல் வைஃபையைப் பெஞ்சமின்தான் போட்டுக்கொடுத்தார், இப்போது விட்டுப்போயிருந்தது. பேசப் போவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

"இன்னிக்கு இங்க நெட் வரலம்மா. சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார்.

அவள் சரி என்று போனை மடியில் சொருகிக்கொண்டாள்.

மேடையில் அவள் பத்து நிமிஷம் பேசினாள். தடுமாறவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பெஞ்சமின் ஆங்கிலத்தில் சொல்ல, அதை அம்பாரோ என்கிற பெண் ஸ்பானிஷில் சொன்னாள். மாநாட்டை நடத்தியவர்களில் ஒருத்தி அவள், நாற்பது வயசு, நல்ல மனசுக்காரி. ஆலையில் நெல் அவித்ததையும், வெளியே வந்தபின் முதல் மாசம் யாராவது கதவைத் தட்டினாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதருக்கு ஓடியதையும் இளவரசி சொன்னாள். கடைசியாகக் கணவனைப் பற்றிப் பேசினாள்.

"என் வூட்டுக்காரரு இன்னிக்கும் கூலி வேலைக்குத்தான் போய்க்கிறாரு. ஆனா, போலாமா வாணாமான்னு அவருதான் சொல்லணும். இஷ்டம் இல்லன்னா வூட்ல கால நீட்டிக்கினு படுத்துக்குவாரு. அவர யாரும் வந்து எழுப்ப முடியாது."

கூட்டம் சிரிக்கத் தயாராக மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது. பெஞ்சமின் தண்ணீர் குடித்துவிட்டு அதை மொழிபெயர்த்தார். சிரித்தார்கள், பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மூன்று நாளாக ரொட்டியும் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையும் தின்று இளவரசிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. அதைக் கவனித்த அம்பாரோ, சோறு கிடைக்கிற இடமாகப் போகலாம் என்று மத்தியானம் ஒரு தாய்லாந்து சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஆறே மேசை போட்ட கடை. சுவரில் ராஜா ராணி படம், அதற்குக் கீழே வாடின மாலை, ஒரு மின்விசிறி. எலுமிச்சை இலையும் தேங்காய்ப்பாலும் கொதிக்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. கடையை நடத்துகிறவள் பேர் மாலி. ஐம்பத்தைந்து வயசு இருக்கும், குள்ளமான, கைகள் பருத்த பெண். அவளே சமைத்து அவளே பரிமாறினாள். இவர்களைத் தவிர ஒரு மூலையில் ஒரு கிழவர் மட்டும் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தபோது மணி இரண்டு. ஊரில் ஐந்தரை. பெஞ்சமினின் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். கல்பனா எழுதியிருந்தாள்: எடுத்துட்டாங்க சார், செய்யாத்தங்கரைக்குப் போறோம். அக்கா அபிநயா பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசினா நல்லாருக்கும், பாப்பா கேட்டுகிட்டே இருக்கு.

இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொன்னால்கூட அவள் போனில் அவன் முகத்தைப் பார்க்கலாம், நிறுத்து என்றுகூடச் சொல்லலாம். இது பெஞ்சமினுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்குள் மாலி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். மூங்கில் கூடையில் ஆவி பறக்கிற சோறு, பச்சை மிளகாய் அரைத்து விட்ட தேங்காய்ப்பால் குழம்பு, வறுத்த மீன். இளவரசி சோற்றைப் பார்த்த பார்வையைக் கண்டு அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். பாவம், சாப்பிடட்டும் என்று நினைத்தார். இதற்கப்புறம் இரண்டு நாளைக்கு அவள் ஒன்றும் தின்னப்போவதில்லை. சாப்பாடு முடியட்டும், சொல்லிவிடலாம்.

கரண்டியை ஒதுக்கிவிட்டு இளவரசி கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். அம்பாரோவும் அவளைப் பார்த்துக் கையால் எடுத்துச் சிந்திக்கொண்டாள். பெஞ்சமின் மட்டும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், துன்னாம கீறீங்க? நல்லாத்தான கீது?"

வயிறு சரியில்லை என்றார்.

அப்போது அடுக்களையில் இடிக்கிற சத்தம் கேட்டது. டொக், டொக் என்று மண் உரலில் மர உலக்கை விழுகிற சத்தம். இளவரசி தலையைத் தூக்கினாள். எச்சில் கையோடு எழுந்து போய் அடுக்களை வாசலில் நின்றாள். கடையில் கூட்டம் இல்லாததால் மாலி தனக்கு மதியச் சாப்பாடு செய்துகொண்டிருந்தாள். சீவின பப்பாளிக்காய், மிளகாய், பூண்டு, அதோடு சின்னச் சின்னதாகக் கறுத்த நண்டுகள்.

"சார், இங்க வாங்களேன். வயல் நண்டு சார்!"

மூன்று நாளில் அவள் குரல் அப்படி எழும்பியதே இல்லை. மாலிக்கு இவள் பேசியது புரியவில்லை, முகம் புரிந்தது. உலக்கையை வைத்துவிட்டுக் குனிந்து நாற்று நடுகிற மாதிரி காட்டினாள். பிறகு கையை ஒரு பொந்துக்குள் விடுகிற மாதிரி விட்டு, வெடுக்கென்று இழுத்து விரலை உதறினாள். இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் வலது கட்டைவிரலில் இருந்த பழைய வடுவை நீட்டிக் காட்டினாள். மாலி தன் கையில் ஒன்றைக் காட்டினாள். உரலிலிருந்து ஒரு நண்டை எடுத்து மாலி நீட்ட, இளவரசி அதன் காலை ஒடித்து உறிஞ்சினாள். உப்பில் ஊறினது, ஆனால் அதே ருசிதான் என்றாள். பள்ளிக்கூடத்தில் அபிநயாவை நண்டுக்காரி என்று கேலி செய்ததிலிருந்து வீட்டில் நண்டு சமைப்பதையே விட்டுவிட்டாளாம். இங்கே பாருங்கள், மேசை போட்டு விற்கிறார்கள் என்று பெஞ்சமினிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். மணி இரண்டே கால்.

"இத அவருக்குக் காட்டணும் சார். நம்பவே மாட்டாரு" என்று மடியிலிருந்து போனை எடுத்தாள். மாலியிடம் அதை நீட்டி, காதில் வைத்துக் காட்டினாள். மாலி சுவரில் ஒட்டியிருந்த கடையின் வைஃபை எண்ணைப் பார்த்து அதில் தட்ட ஆரம்பித்தாள்.

பெஞ்சமின் நாற்காலி சாய எழுந்தார்.

"இளவரசிம்மா, வேணாம். போனை வைங்க. ஒக்காருங்க."

"ஒரு நிமிசம் சார், பேசிட்டு வந்துர்றேன்."

"சக்திவேல் இல்லம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். எங்கே போயிருக்கிறான் என்று கேட்கப்போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் சொன்னார். சவுக்குத் தோப்பு, நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். சொல்லும்போது தன் குரல் மனு வாசிக்கிற மாதிரி இருப்பது அவருக்கே கேட்டது. இளவரசி அடுக்களை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"காலையில."

"எந்த ஊரு காலைல? நம்மூரா, இந்த ஊரா?"

அதற்குள் போன் உயிர் பெற்று, தேங்கியிருந்த செய்திகளெல்லாம் டிங் டிங்கென்று வரிசையாக விழுந்தன. அவள் திரையைப் பார்த்தாள். அபிநயா, அபிநயா, அபிநயா. அவள் அந்தப் பேரை அழுத்தினாள். வீடியோவில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு கருவேல மரம், பிறகு அழுது வீங்கின பிள்ளையின் முகம்.

"காத்தாலயே தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலியேம்மா? நீயே எடுத்துடச் சொன்னியாமே?"

இளவரசி பெஞ்சமினைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"இல்லடி. எனக்கு இப்பதான் தெரியும். அப்பா எங்க?"

குழிக்குள்ளே இறக்கிவிட்டார்கள் என்றாள் பிள்ளை. நிறுத்தச் சொல்லு, மண்ணு போட வேணாம், நான் பாக்கணும் என்றாள் இளவரசி. அங்கே ஆண்கள் குரல்கள் எழுந்தன, அடங்கின. பிள்ளை போனைக் குழிக்கு மேலே நீட்டினாள். யாரோ உள்ளே இறங்கித் துணியை விலக்கினார்கள். மங்கின வெளிச்சத்தில், கட்டைவிரல் அளவுக்கு, சக்திவேலின் முகம் தெரிந்தது. நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. அவள் திரையை விரலால் துடைத்தாள். படம் உறைந்தது, திரும்ப அசைந்தது, கட்டம் கட்டமாகச் சிதறியது. பிறகு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டாள், போகவில்லை. ஆற்றங்கரையில் டவர் சரியாகக் கிடைக்காது. நாலாவது தடவை கல்பனா எடுத்தாள். மூடிவிட்டார்கள் அக்கா, இருட்டிவிடும் என்று மூடிவிட்டார்கள் என்று அழுதாள்.

இளவரசி அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். மாலிக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள், போய்க் கடைக் கதவில் அட்டையைத் திருப்பிப் போட்டாள், திரும்பி வந்து இளவரசிக்குப் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். பெஞ்சமின் கிட்டே போனார். இளவரசி தலை நிமிராமலே கையை நீட்டி வேண்டாம் என்றாள். அவர் மேசைக்குத் திரும்பினார். மூலையில் இருந்த கிழவர் தட்டைப் பாதியில் விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அம்பாரோ விஷயம் தெரிந்துகொண்டு அழுதாள். அழுதுகொண்டே இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷத்தில் அன்று மாலை ஆறரை விமானத்தில் இரண்டு இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் சென்னையில் இறங்கிவிடலாம். பெஞ்சமின் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். இருபது நிமிஷ வேலை. காலை எட்டரைக்குக் கேட்டிருந்தாலும் இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஐஸ் பெட்டி ஒரு ராத்திரி தாங்கியிருந்தால் போதும். அவர் அதை மடித்துப் பையில் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார்.

விமானத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். இளவரசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் இறங்கும்வரை திரும்பவில்லை. ஒரு தடவை அவர், மேடையில் பேசுவது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று நினைத்துத்தான் என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே அது யாருக்கு முக்கியமாக இருந்தது என்று தெரிந்துவிட, பாதியில் விட்டுவிட்டார். சென்னையில் நிறுவனத்தின் கார் காத்திருந்தது. அவள் அதில் ஏறவில்லை. அவளுடைய தம்பி ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டு மாகறலிலிருந்தே வந்திருந்தான். அதில் ஏறிப் போனாள்.

காரியத்துக்குப் பெஞ்சமின் போனார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். அபிநயா அவரைக் கண்டதும் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அடுத்த வாரம் கல்பனா வேலைக்கு வரவில்லை. போன் போட்டுக் கேட்டபோது, அந்தப் பொய் தன்னுடையது இல்லை என்றாலும் தன் வாயால்தானே அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஒன்றரை மாசம் கழித்து, வாரிசு சான்றிதழுக்காக இளவரசி உத்திரமேரூர் தாலுக்கா ஆபீஸுக்கு வந்திருந்தாள். பெஞ்சமின் வேறு வேலையாகப் போனவர், வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் எதிரில் தாயும் மகளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கால் அவரை அறியாமலே அங்கே போயிற்று. தாசில்தார் தெரிந்தவர்தான், உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே முடிந்துவிடும் என்றார்.

"வாணாம் சார். நாங்க வரிசைலயே நிக்கிறோம்."

"இளவரசிம்மா, நான் செஞ்சது தப்புதான். உங்ககிட்ட அதைச் சொல்லணும்னு…"

"மறைச்சீங்க பாருங்க, அதகூட விட்டுர்லாம் சார்." அவள் குரல் உயரவே இல்லை. "நான் சொன்னேன்னு சொல்லிட்டீங்களே. எடுத்துடுங்கன்னு நான் சொன்னதா என் பொண்ணு அஞ்சு மணி நேரம் நெனச்சிக்கினு அந்த மனுசன் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்துக்கிறா. அத இன்னா பண்ணி மாத்துவீங்க?"

மனு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். இறந்த தேதி என்ன என்று கேட்டார். பெஞ்சமின் வாயெடுத்தார். அதற்குள் அபிநயா சொன்னாள். தேதியைச் சொன்னாள், நேரத்தையும் சொன்னாள். மனுவில் நேரம் தேவையில்லை என்றார் அவர்.

உள்ளே மணி அடித்தது. தாயும் மகளும் எழுந்து, காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சமின் கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றார். பிறகு தான் வந்த வேலையையும் மறந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.